புத்தகத்து விவசாயிக்கு ஏன் எப்போதும் மீசை?

கேள்வியை முதலில் ஒருமுறை திரும்பச் சொல்லிக்கொள்கிறேன். ஒன்றாம், இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பயிற்சி ஏடு தயாரிக்கிற குழுவில் இருக்கிறீர்கள். படங்களில் ஆண், பெண் பற்றிய பழைய வார்ப்புகள் இருக்கக் கூடாது என்று மேலிருந்து ஒரு வரி வந்திருக்கிறது. அப்பா சமைப்பதுபோல் இரண்டு படம், பெண் போலீஸ் ஒன்று, பெண் விமானி ஒன்று சேர்த்துவிட்டால் போதுமா என்று கேட்கிறீர்கள். கூடவே ஒரு சங்கடம். நிஜத்தில் பெரும்பாலான வீடுகளில் அம்மாதானே சமைக்கிறார், இல்லாததைக் காட்டினால் பிள்ளைகளிடம் பொய் சொன்னதாகாதா?

பள்ளிப் பயிற்சி நூல்களுக்கு ஓவியர் தேடுவது, அவர்களுக்குக் குறிப்பு எழுதிக் கொடுப்பது, வந்த படத்தைத் திருத்தச் சொல்லித் திட்டு வாங்குவது, இதுதான் பல வருடம் என் வேலை. அந்த அனுபவத்தில் சொல்கிறேன். நாலு படம் சேர்த்தால் சரியாகாது. பொய் பற்றிக் கேட்டீர்களே, அதற்குப் பதில் கொஞ்சம் நீளம். இப்போது நம் ஏடுகளில் இருக்கிற படங்கள் எவ்வளவு உண்மை என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

ஒருமுறை மூன்றாம் வகுப்பு ஏட்டுக்கு விவசாயி படம் ஒன்று தேவைப்பட்டது. 'விவசாயி, வயல், காலை நேரம்.' அவ்வளவுதான் நான் எழுதி அனுப்பிய குறிப்பு. வந்த படத்தில் தலைப்பாகை, முறுக்கு மீசை, தோளில் கலப்பை, பக்கத்தில் இரண்டு காளை. வரைந்தவன் தஞ்சாவூர்ப் பக்கத்துப் பையன். "தம்பி, உங்க ஊர்ல கடைசியா எப்போ மாடு பூட்டி உழுது பார்த்தே?" என்று கேட்டேன். "டிராக்டர்தான்க்கா. சின்ன வயசுல பார்த்திருப்பேன், ஞாபகம் இல்ல." "உங்க வயலை யாரு பார்த்துக்கிறா?" "அம்மாதான். அப்பா திருப்பூர்ல வேலைக்குப் போயிட்டாரு." அப்புறம் ஏன் இப்படி வரைந்தாய் என்றால், "விவசாயின்னா இப்படித்தானேக்கா போடுவாங்க" என்றான்.

அந்த 'போடுவாங்க' என்ற சொல்லைப் பிடித்துக்கொள்ளுங்கள். அவன் தன் ஊரைப் பார்த்து வரையவில்லை. தான் மூன்றாம் வகுப்பில் பார்த்த படத்தைப் பார்த்து வரைந்தான். அந்தப் படத்தை வரைந்தவரும் அவருக்கு முந்தைய படத்தைப் பார்த்திருப்பார். பாடநூல் படங்களின் கோளாறு பெரும்பாலும் யாருடைய கெட்ட எண்ணத்திலிருந்தும் வருவதில்லை. படத்தைப் பார்த்துப் படம் போடுகிற பழக்கத்திலிருந்து வருகிறது. ஊர் மாறிக்கொண்டே போகும், படம் நின்ற இடத்தில் நிற்கும்.

மத்திய அரசின் 2022-23 தொழிலாளர் கணக்கெடுப்பின்படி, கிராமப்புறத்தில் வேலை செய்கிற பெண்களில் சுமார் 76 விழுக்காட்டினர் விவசாயத்தில் இருக்கிறார்கள். கிராமத்து ஆண்களில் இது சுமார் 49 விழுக்காடுதான். ஆண்கள் கட்டட வேலைக்கும் வண்டி ஓட்டவும் ஊரைவிட்டுப் போக, நிலம் பெண்கள் கையில் வந்துகொண்டிருக்கிறது. பட்டாவில் பெயர் இருக்காது, அது வேறு கதை. 'நாற்று நடும் பெண்களை வரைகிறார்களே' என்பீர்கள். வரைகிறார்கள்தான். வரிசையாக, குனிந்தபடி, முகம் தெரியாமல், படத்தின் பின்பக்கத்தில். முன்னால் நிமிர்ந்து நிற்கிற மீசைக்காரர் படத்துக்குக் கீழே 'விவசாயி' என்று இருக்கும். இவர்களுக்குக் கீழே 'நாற்று நடும் பெண்கள்' என்று இருக்கும். வேலை இரண்டு பேருக்கும் உண்டு, தொழிலின் பெயர் ஒருவருக்குத்தான்.

தமிழில் எழுதுகிறவருக்கு ஒரு வசதி இருக்கிறது. 'மருத்துவர் வந்தார்', 'ஓட்டுநர் வண்டியை நிறுத்தினார்' என்று எழுதினால் ஆணா பெண்ணா என்று சொல்லவே வேண்டாம். 'அர்' விகுதி மரியாதையும் கொடுக்கும், ஆளையும் மறைத்துக்கொள்ளும். எழுத்தைச் சரிபார்க்கிறவர் ஒரு குறையும் காணாமல் கையெழுத்துப் போட்டுவிடுவார். படம் வரைகிறவருக்கு அந்த வசதி கிடையாது. மீசையா பொட்டா என்று அவர் முடிவுசெய்தே தீர வேண்டும். நாம் ஒன்றும் சொல்லாமல் விட்டால் கை பழக்கத்துக்குப் போகும். மருத்துவருக்கு மீசை, செவிலியருக்கு வெள்ளைத் தொப்பி, ஓட்டுநருக்கு மீசை, ஒன்றாம் வகுப்பு ஆசிரியருக்குச் சேலை, தலைமையாசிரியர் வந்ததும் மறுபடி மீசை. நல்ல நோக்கத்தோடு பொதுவாக எழுதிய பாடம்கூட அச்சாகி வரும்போது ஆண்கள் உலகமாக வருவது இப்படித்தான்.

பழைய படத்தைப் பார்த்துப் போடுவதால் என்ன ஆகிறது என்பதற்கு எனக்குப் பிடித்த உதாரணம் ஔவையார். கண்ணை மூடி நினைத்துப் பாருங்கள். நரைத்த தலை, நெற்றியில் நீறு, கையில் கோல். ஔவை என்ற பெயரில் வெவ்வேறு காலங்களில் ஒருவருக்கு மேற்பட்ட புலவர்கள் இருந்தார்கள் என்பது இலக்கிய வரலாறு படித்தவர்கள் பொதுவாக ஏற்றுக்கொண்டது. ஆத்திசூடி பாடியவர் வேறு, சங்க காலத்தில் அதியமான் நெடுமான் அஞ்சியின் அவையில் இருந்தவர் வேறு. சங்க கால ஔவை தொண்டைமானிடம் தூது போனவர். அவனுடைய படைக்கலக் கொட்டிலைப் பார்த்துவிட்டு, 'உன் ஆயுதங்களெல்லாம் பீலி சூட்டி, நெய் பூசி எவ்வளவு அழகாக இருக்கின்றன! எங்கள் ஆளுடையவை நுனி முறிந்து கொல்லன் பட்டறையிலல்லவா கிடக்கின்றன' என்கிற பொருளில் புறநானூற்று 95-ஆம் பாட்டில் ஒரு குத்து விடுகிறார். 89-ஆம் பாட்டில், பகை வேந்தன் பாட்டுச் சொல்கிற பெண்ணை 'மடவரல் உண்கண் வாள்நுதல் விறலி' என்று விளிக்கிறான். மை தீட்டிய கண், ஒளிவிடும் நெற்றி. பாட்டியை அப்படி யாரும் கூப்பிட மாட்டார்கள். ஆனாலும் அந்தத் தூதுப் பாட்டுக்குப் பக்கத்திலும் நான் பார்த்த படங்களில் கோல் ஊன்றிய பாட்டிதான் நிற்கிறார். நாட்காட்டி ஓவியங்களும் 1953-இல் வந்த திரைப்படமும் அந்த உருவத்தை மனதில் ஆணி அடித்துவிட்டன. போர் வராமல் தடுக்க ஆயுதக் கொட்டிலுக்குள் போய் வேந்தனிடம் வாய்ச்சாலம் காட்டுகிற ஒரு பெண் நம்மிடம் இரண்டாயிரம் வருடமாக இருக்கிறார். பத்து வயதுச் சிறுமி அவரைப் பார்த்ததில்லை.

இது நம் ஊர்ப் பிரச்சினை மட்டும் இல்லை. 1972-இல் அமெரிக்காவில் லெனோர் வைட்ஸ்மன் என்ற சமூகவியலாளரும் உடன் ஆய்வாளர்களும், அங்கே பெரிய விருது பெற்ற சிறுவர் படப் புத்தகங்களை எடுத்து எண்ணிப் பார்த்தார்கள். ஆண் உருவங்கள் 261, பெண் உருவங்கள் 23. அதே ஆண்டு பிரின்ஸ்டனில் ஒரு பெண்கள் குழு 134 பள்ளி வாசிப்பு நூல்களிலிருந்த 2,760 கதைகளைப் பிரித்துப் பார்த்தது. சிறுவனை மையமாகக் கொண்டவை ஐந்து என்றால் சிறுமியை மையமாகக் கொண்டவை இரண்டு. வாழ்க்கை வரலாறுகளில் ஆறுக்கு ஒன்று. இந்தியாவிலும் இது புதிய ஞானம் இல்லை. பெண்கள் பற்றிய புதிய மதிப்பீடுகளைப் பாடத்திட்டம், பாடநூல் வழியாக வளர்க்க வேண்டும் என்று 1986-இன் தேசியக் கல்விக் கொள்கையே சொல்லிவிட்டது. நம் ஆறாம் வகுப்புச் சமூக அறிவியலில் 'ஒத்த கருத்து உருவாக்கம்' (ஸ்டீரியோடைப், அதாவது நான் சொல்கிற பழைய வார்ப்பு) என்று இதற்கு ஒரு பகுதியே உண்டு. பாடத்தில் சொல்வது ஒன்று, அடுத்த பாடத்தின் படம் சொல்வது இன்னொன்று.

படத்தால் பிள்ளைகளுக்கு நிஜமாகவே ஏதாவது ஆகிறதா? நியாயமான சந்தேகம்தான். 'ஒரு விஞ்ஞானியை வரை' என்று பிள்ளைகளிடம் தாளைக் கொடுக்கிற ஒரு சோதனை இருக்கிறது. டேவிட் சேம்பர்ஸ் 1983-இல் வெளியிட்ட ஆய்வில் 4,807 பிள்ளைகள் வரைந்திருந்தார்கள். அதில் பெண் விஞ்ஞானியை வரைந்தவர்கள் 28 பேர், அத்தனை பேரும் சிறுமிகள். 2018-இல் அமெரிக்காவில் ஐம்பது ஆண்டுக் காலத்தில் நடந்த இப்படிப்பட்ட 78 ஆய்வுகளை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தார்கள். நிலைமை நிறைய மாறியிருந்தது. பிற்கால ஆய்வுகளில் சராசரியாக 28 விழுக்காட்டினர் பெண்ணை வரைந்திருந்தார்கள். ஆனால் என்னைத் தொந்தரவு செய்தது அதே ஆய்வில் இருந்த வேறொரு எண். ஆறு வயதுச் சிறுமிகளில் 70 விழுக்காட்டினர் பெண் விஞ்ஞானியை வரைகிறார்கள். பதினாறு வயதில் அது 25 ஆகிவிடுகிறது. அதாவது பள்ளிக்கு வரும்போது அவர்களிடம் இருந்த படம் பள்ளிக்கூடக் காலத்திலேயே அழிகிறது. புத்தகம்தான் அழித்தது என்று அடித்துச் சொல்ல மாட்டேன். வீடு, தொலைக்காட்சி எல்லாம் இருக்கின்றன. ஆனால் நம் கையில் இருப்பது புத்தகம்தான்.

இன்னொரு ஆய்வு சின்னது, 81 உயர்நிலைப் பள்ளி மாணவர்கள்தான். அமெரிக்காவில் 2010-இல் வெளிவந்தது. ஒரே அறிவியல் பாடம், படங்கள் மட்டும் வேறு. பெண் விஞ்ஞானிகள் படம் இருந்த பாடத்தைப் படித்த மாணவிகள் நன்றாகப் புரிந்துகொண்டார்கள். ஆண் விஞ்ஞானிகள் படம் இருந்தபோது அவ்வளவு இல்லை. ஆண் மாணவர்களுக்கு நேர்மாறாக இருந்தது. சின்ன ஆய்வு என்பதால் அதை வேதவாக்காக எடுக்க வேண்டாம். ஆனால் முழுக்கத் தலைகீழாக மாற்றி ஆண்களையே படத்திலிருந்து தூக்கிவிடலாம் என்று கிளம்புகிறவர்களுக்கு (எங்கள் குழுவிலும் ஒருவர் இருந்தார்) அதில் ஒரு செய்தி இருக்கிறது.

சரி, சமையலறைக்கு வருவோம். உங்கள் சங்கடமே அங்கேதான்.

2019-இல் தேசியப் புள்ளியியல் அலுவலகம் எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு ஒன்று இருக்கிறது. ஆறு வயதும் அதற்கு மேலும் ஆன பெண்களில் 81 விழுக்காட்டினர் அன்றாடம் சம்பளமில்லாத வீட்டுவேலை செய்கிறார்கள், ஆண்களில் 26 விழுக்காட்டினர். செய்கிறவர்களை மட்டும் எடுத்துக்கொண்டால் பெண்கள் நாளுக்கு 299 நிமிடம், ஆண்கள் 97 நிமிடம். ஆக, அம்மாதான் சமைக்கிறார் என்பது உண்மை, மறுக்கவில்லை. ஆனால் அதே எண்ணைத் திருப்பிப் பாருங்கள். நாலில் ஒரு ஆண் ஏதோ ஒரு வீட்டுவேலை செய்கிறார். கணக்கெடுப்புக்கு விசுவாசமாக இருப்பதென்றால்கூட, வீட்டுக்குள் இருக்கிற நாலு ஆண் படங்களில் ஒன்றில் துடைப்பமோ வாளியோ பாத்திரமோ இருந்தாக வேண்டும். உங்கள் பழைய ஏட்டை எடுத்து எண்ணுங்கள். நான் எண்ணிய ஏடுகளில் நாற்பதுக்கு ஒன்றுகூடத் தேறவில்லை. செய்தித்தாள் மட்டும் எல்லா அப்பா கையிலும் இருந்தது. அச்சுச் செய்தித்தாள் வாங்குகிற வீடே குறைந்துவிட்ட காலத்தில்!

இன்னொன்றும் இருக்கிறது. பிள்ளை வீட்டைவிட்டு வெளியே வந்தால் சமைக்கிற ஆண்களைத்தான் பார்க்கிறது. பரோட்டா மாஸ்டர், டீ மாஸ்டர், கல்யாணச் சமையல்காரர், பஜ்ஜி போடுகிற அண்ணன். துணி தேய்க்கிறவர், தைக்கிறவர் எல்லாம் பெரும்பாலும் ஆண்கள். கூலி கிடைத்தால் ஆண் செய்கிற அதே வேலை, கூலி இல்லாதபோது பெண்ணின் வேலையாகிவிடுகிறது. ஏழு வயதுப் பிள்ளைக்கு இதை விளக்க வேண்டாம். ஒரே பக்கத்தில் அம்மா தோசை ஊற்றுகிற படத்தையும் மாஸ்டர் தோசை ஊற்றுகிற படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாலே போதும். கேள்வி பிள்ளையிடமிருந்தே வரும். வரவில்லையென்றாலும் குற்றமில்லை, தோசை எல்லாரும் ஊற்றுவது என்று தெரிந்திருக்கும்.

மகாராஷ்டிரத்தின் பாடநூல் நிறுவனமான பால்பாரதி 2019-இல் இரண்டாம் வகுப்புப் புத்தகத்தில் ஆணும் பெண்ணும் சேர்ந்து உட்கார்ந்து காய்கறி சுத்தம் செய்கிற படத்தைப் போட்டது. பெண் போக்குவரத்துக் காவலரும் அதில் இருந்தார். 2024 ஜூனில் கேரளத்தின் மூன்றாம் வகுப்புப் புத்தகத்தில் அப்பா தரையில் உட்கார்ந்து தேங்காய் துருவுகிற படம் வந்தது. கல்வி அமைச்சர் வி. சிவன்குட்டி அதைச் சமூக வலைதளத்தில் பகிர்ந்தார், நாடு முழுக்கச் செய்தியானது. அந்தக் கேரளப் படத்தில் எனக்குப் பிடித்தது ஒன்று உண்டு. அப்பா தேங்காய் துருவுவதை யாரும் அதிசயமாகப் பார்ப்பதில்லை. அவர் பாட்டுக்குத் துருவுகிறார்.

இது சின்ன விஷயம் இல்லை. எனக்கு வந்த 'சமைக்கும் அப்பா' படங்கள் பெரும்பாலும் நகைச்சுவைத் துணுக்கு மாதிரி இருந்தன. முகமெல்லாம் மாவு, கருகிய தோசை, வாசலில் இடுப்பில் கைவைத்துச் சிரிக்கிற அம்மா. அந்தப் படம் பிள்ளைக்குச் சொல்வது 'இது அப்பாவுக்கு வராது' என்பதைத்தான். போடாமலே இருந்திருக்கலாம். அதைவிட நைசாக நுழைகிறது படத்துக்குக் கீழே இருக்கிற வரி. 'அம்மாவுக்கு உதவும் அப்பா.' உதவி என்றால் வேலை அம்மாவுடையது என்று அர்த்தம். 'அப்பா பாத்திரம் கழுவுகிறார்' என்று எழுதுங்கள், முடிந்தது.

மார்ச் 8 வந்தால் எல்லா நிறுவனங்களும் போடுகிற அந்தப் பத்துக் கை அம்மா படத்தையும் தயவுசெய்து தவிர்த்துவிடுங்கள். ஒரு கையில் கரண்டி, ஒரு கையில் மடிக்கணினி, ஒன்றில் குழந்தை, ஒன்றில் துடைப்பம். அது பாராட்டு மாதிரி தெரியும். எட்டுக் கைக்கு உரிய வேலையை வேறு யாருக்காவது பிரித்துக் கொடுக்கலாமே என்று யாருக்கும் தோன்றாதபடி வரையப்பட்ட படம் அது.

எண்ணிக்கை சரியாக இருந்தால் போதும் என்று நினைக்கிறவர்களுக்கு நான் காட்டுவது பாகிஸ்தானில் 2021-இல் சர்ச்சையான ஓர் ஐந்தாம் வகுப்பு ஆங்கிலப் புத்தகத்தின் அட்டை. படத்தில் ஆண் இருவர், பெண் இருவர். நாலு பேரும் படிப்பில்தான் இருக்கிறார்கள். கணக்குப் போட்டால் நூற்றுக்கு நூறு. ஆனால் அப்பாவும் மகனும் சோபாவில், அம்மாவும் மகளும் தலையை மூடிக்கொண்டு தரையில். யார் எங்கே உட்கார்ந்திருக்கிறார், யார் பெரிதாகத் தெரிகிறார், யார் கை நீட்டிக் காட்டுகிறார், யார் நிமிர்ந்து பார்த்துக் கேட்டுக்கொண்டிருக்கிறார் என்பதெல்லாம் தலை எண்ணிக்கையில் வராது.

அறிவியல் பக்கத்தில் இது நன்றாகத் தெரியும். 'இரு மாணவர்கள் சோதனை செய்கிறார்கள்' என்று குறிப்புக் கொடுத்தால், சோதனைக்குழாய் பையன் கையில், நோட்டுப் புத்தகம் பெண் கையில். அவன் செய்வான், அவள் எழுதிக்கொள்வாள். அதனால் நான் தலைகளை எண்ணுவதை ஒரு கட்டத்தில் நிறுத்திவிட்டு வினைச்சொற்களை எழுத ஆரம்பித்தேன். ஒரு தாளில் இரண்டு பத்தி. ஏட்டில் ஆண்கள் என்னென்ன செய்கிறார்கள், பெண்கள் என்னென்ன செய்கிறார்கள், வெறும் வினை மட்டும். ஏறுகிறான், ஓட்டுகிறான், பழுது பார்க்கிறான், கண்டுபிடிக்கிறான், விழுகிறான். இந்தப் பக்கம் பார்க்கிறாள், கொடுக்கிறாள், சிரிக்கிறாள், பரிமாறுகிறாள், தண்ணீர் ஊற்றுகிறாள். முதல் தடவை அந்தத் தாளைப் பார்த்தபோது எங்கள் குழுவில் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. அந்த ஏட்டைத் தயாரித்த ஏழு பேரில் ஐந்து பேர் பெண்கள்.

பையன்களுக்கும் இதில் நஷ்டம் உண்டு. பேப்பர் கடையில் தொங்குமே, 'நல்ல பழக்கங்கள்' சார்ட். வட இந்தியாவில் 'ஆதர்ஷ பாலகன்' (முன்மாதிரிச் சிறுவன்) என்ற பெயரில் பிரபலமான அந்த வகையறாவில் எண்ணெய் வைத்து வகிடு எடுத்த சிறுவன் பெற்றோரை வணங்குவான், பல் தேய்ப்பான், குளிப்பான். அதில் சிறுமிக்கு இடமே இல்லை. 2015-இல் பெங்களூருவில் கலைக்கல்லூரி மாணவர்கள் சிலர் இதைக் கிண்டல் செய்து 'கெட்ட பெண்' என்று ஒரு சார்ட் வரைந்தார்கள். வட்டமாகச் சப்பாத்தி போடத் தெரியாதவள் கெட்ட பெண். ஒரே சிரிப்பாகப் பரவியது. ஆனால் நம் ஏடுகளில் 'சரி, தவறு' என்று குறிக்கச் சொல்லும் பயிற்சிப் பக்கத்தைப் பாருங்கள். குப்பை போடுகிறவன், ஓடும் பேருந்தில் தொங்குகிறவன், நாயைக் கல்லால் அடிக்கிறவன் எல்லாம் பையன்கள். 'சரி' கட்டத்தில் செடிக்குத் தண்ணீர் ஊற்றுகிறவள் சிறுமி. அழுகிற பையனோ, தம்பிப் பாப்பாவைத் தூக்கி வைத்திருக்கிற பையனோ ஏட்டில் இருக்க மாட்டான். கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு தெருவில் நிற்கிற அண்ணன்மார்களை நான் தினமும் பார்க்கிறேன்.

விலங்குகளிலும் இதே கதைதான். சிங்கம், யானை, முயல் எதுவானாலும் சும்மா வரைந்தால் ஆண். பெண்ணாக்க வேண்டுமென்றால் ஓவியர் கண்ணிமை மயிரும் ரிப்பனும் வைப்பார். இருபதாம் நூற்றாண்டு முழுவதும் அமெரிக்காவில் வந்த ஐயாயிரத்துக்கு மேற்பட்ட சிறுவர் நூல்களை ஆராய்ந்து 2011-இல் வெளியான ஆய்வில் ஆண் விலங்கு மையப் பாத்திரங்கள் 23 விழுக்காட்டுக்கு மேல், பெண் விலங்குகள் 7.5 விழுக்காடுதான். பெண் யானைதான் மந்தையை நடத்திச் செல்லும் என்பது நம் ஊர்க் காட்டோரத்தில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

விஞ்ஞானி படத்துக்கு ஒரு கதை சொல்ல வேண்டும். 2014 செப்டம்பர் 24 அன்று மங்கள்யான் செவ்வாயின் சுற்றுப்பாதையில் நுழைந்தது. பட்டுச்சேலையும் தலையில் பூவுமாகச் சில பெண்கள் கட்டிப்பிடித்துச் சிரிக்கிற புகைப்படம் உலகமெல்லாம் சுற்றியது. விஞ்ஞானி என்றால் கலைந்த தலையும் வெள்ளைக் கோட்டும் என்று நினைத்திருந்தவர்களுக்கு அது ஓர் அதிர்ச்சி. எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. பிறகு, அந்தப் படத்தில் இருப்பவர்கள் நிர்வாகப் பணியாளர்கள் என்று இஸ்ரோ தெளிவுபடுத்தியது. ஆனால் அதே திட்டத்தில் ரீத்து கரிதால் போன்ற பெண் விஞ்ஞானிகள் முக்கியப் பொறுப்பில் இருந்தது உண்மை. பின்னாளில் சந்திரயான்-2 திட்ட இயக்குநர் வனிதா, ஆதித்யா எல்-1 திட்ட இயக்குநர் செங்கோட்டைக்காரரான நிகர் ஷாஜி. ரிசாட்-1 செயற்கைக்கோள் திட்டத்தை 2012-இல் முடித்துக் காட்டிய வளர்மதி அரியலூர்க்காரர். ஆகவே, நல்ல நோக்கத்துக்காகவும் தவறான தலைப்போடு படம் போடாதீர்கள், சரியான ஆள் நம்மிடமே இருக்கிறார். அப்புறம், பெண் விஞ்ஞானியை வரையும்போது முடியை வெட்டிக் கண்ணாடி மாட்டிவிடாதீர்கள். பூ வைத்துக்கொண்டும் செயற்கைக்கோளை அனுப்பலாம்.

உங்கள் பட்டியலில் விமானி இருந்தார். இந்திய விமானிகளில் சுமார் 15 விழுக்காட்டினர் பெண்கள், உலகச் சராசரியைப் போல மூன்று மடங்கு. அதனால் போடுவதில் தப்பே இல்லை. ஆனால் உங்கள் பிள்ளைகள் தினமும் பார்க்கிற வேலைகளை முதலில் சரிசெய்யுங்கள். கன்னியாகுமரி மாவட்டத்து வசந்தகுமாரி 1993-லேயே அரசுப் பேருந்து ஓட்ட வந்துவிட்டார். ரேஷன் கடை, தபால், வங்கி, கிராம நிர்வாக அலுவலகம், பஞ்சாயத்துத் தலைவர் என்று ஊரில் பெண்கள் உட்கார்ந்திருக்கிற நாற்காலிகள் எத்தனையோ. அவையெல்லாம் ஏட்டில் மீசையோடு இருக்க, வானத்தில் மட்டும் ஒரு பெண் பறப்பது விசித்திரமாக இருக்கும்.

உடலுறுப்புப் படங்களை யாரும் கவனிப்பதில்லை. மூச்சுமண்டலம், செரிமான மண்டலம் எதை வரைந்தாலும் வெளிக்கோடு ஆண் உடல். பெண் உடல் வருவது இனப்பெருக்கப் பாடத்தில் மட்டும். பெண்ணுக்கு நுரையீரல் கிடையாதா என்று ஒரு மருத்துவ ஆசிரியை என்னிடம் கேட்டார். நெஞ்சை அழுத்தி உயிர் காக்கும் முதலுதவிப் பயிற்சியிலும் பொம்மை பெரும்பாலும் தட்டையான ஆண் மார்புதான். பொது இடத்தில் மயங்கி விழும் பெண்களுக்கு வழிப்போக்கர்கள் அந்த முதலுதவியைச் செய்வது ஆண்களைவிடக் குறைவு என்று அமெரிக்க ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. பயிற்சியில் தொட்டுப் பழகாத உடலைத் தெருவில் தொடத் தயக்கம் வருமா வராதா என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

இப்போது ஓவியர் செலவை மிச்சம் பிடிக்க இணையத்தில் தேடி எடுக்கிறார்கள், இல்லாவிட்டால் செயற்கை நுண்ணறிவிடம் வரையச் சொல்கிறார்கள். நான் சொன்ன 'படத்தைப் பார்த்துப் படம் போடுவது' அங்கே இயந்திர வேகத்தில் நடக்கிறது. 2015-இல் ஓர் ஆய்வு, கூகுள் படத் தேடலில் தலைமை நிர்வாகி என்று தேடினால் முதல் நூறு படங்களில் 11 விழுக்காடுதான் பெண்கள் என்று காட்டியது. அப்போது அமெரிக்காவில் அந்தப் பதவியில் இருந்த பெண்கள் 27 விழுக்காடு. 2023-இல் புளூம்பெர்க் ஒரு பட உருவாக்கச் செயலியிடம் நீதிபதிகளை வரையச் சொன்னபோது பெண்கள் 3 விழுக்காடு வந்தார்கள். அமெரிக்க நீதிபதிகளில் நிஜத்தில் 34 விழுக்காட்டினர் பெண்கள். தஞ்சாவூர்ப் பையனிடம் உங்க ஊரில் யார் வயலைப் பார்த்துக்கொள்கிறார் என்று நான் கேட்க முடிந்தது. இயந்திரத்துக்கு ஊர் கிடையாது, கேட்கவும் முடியாது. அதனால் குறிப்பை நீங்கள்தான் முழுசாக எழுத வேண்டும்.

குறிப்பு எழுதுவதைப் பற்றி மட்டும் கடைசியாகச் சொல்கிறேன், ஏனென்றால் வேலை அங்கேதான். 'விவசாயி' என்று எழுதாதீர்கள். யார், என்ன வயது, என்ன உடுத்தியிருக்கிறார், கையில் என்ன, என்ன செய்து முடித்தார், அடுத்து என்ன செய்யப் போகிறார் என்று எழுதுங்கள். பின்னணியில் நிற்கிறவர்களுக்கும் எழுதுங்கள். முக்கியப் படத்தில் எல்லாரும் ஜாக்கிரதையாக இருப்பார்கள். கணக்குப் பக்கத்தில் ஆப்பிள் விற்கிறவர், மூலையில் சைக்கிள் ஓட்டிப் போகிறவர் என்று யோசிக்காமல் வரைகிற இடங்களில்தான் பழைய வார்ப்பு திரும்பி வந்து உட்காரும். மத்திய அரசின் பாடநூல் அமைப்பான என்சிஇஆர்டியின் பழைய ஐந்தாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தில் மீனவப் பெண்கள் இருபது பேர் சேர்ந்து நடத்துகிற வங்கி ஒன்று வரும், மாதம் ஆளுக்கு 25 ரூபாய் சேமிப்பு. அவர்களை வைத்துப் பெருக்கல், கடன் கணக்கெல்லாம் போட வைத்திருப்பார்கள். பெண்ணுரிமை பற்றி ஒரு வரி கிடையாது. பிள்ளை 20-ஐ 25-ஆல் பெருக்கிவிட்டுப் போய்க்கொண்டே இருக்கும். எனக்குத் தெரிந்து நன்றாக வேலை செய்கிற வழி இதுதான்.

அந்தத் தஞ்சாவூர்ப் பையனிடம் நான் புதிய குறிப்பு எழுதிக் கொடுக்கவில்லை. "உங்க அம்மா காலையில வயல்ல என்ன பண்ணுவாங்களோ அதைப் போட்டுக் கொண்டா" என்றேன். இரண்டு வாரம் கழித்து அனுப்பினான். வரப்பில் ஓர் அம்மாள் நிற்கிறார். சேலைமேல் பழைய ஆண் சட்டை, தலையில் துண்டு, காதில் செல்போன். மோட்டார் கொட்டகை, மடையில் தண்ணீர் பாய்கிறது, தூரத்தில் டிராக்டர். மம்பட்டியை வரப்பில் குத்தி வைத்திருக்கிறார். கீழே 'விவசாயி' என்று ஒரே சொல். அச்சாகி வந்ததும் ஒரு பிரதியை ஊருக்கு எடுத்துப்போய் அம்மாவிடம் காட்டியிருக்கிறான். அவர் ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "அந்தச் சட்டையை நான் போன பொங்கலுக்கே தூக்கிப் போட்டுட்டேனேடா" என்றாராம்.